நெறியும் கத்தியும்

காலில் முள் தைத்துச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் ஒரு கட்டி நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டு வலிக்கும். கையில் ரணம் என்றால் அக்குளில். பல்லில் சொத்தை என்றால் தாடைக்கு அடியில். இதை ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எந்த வைத்திய நூலையும் படித்து அவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவில்லை. குழந்தையின் தொடையிடுக்கில் கட்டியைக் கண்டதும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். புண் ஓரிடத்தில், வீக்கம் இன்னோரிடத்தில். நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு வழி. நெறி என்ற சொல்லுக்கு வழி என்றும் ஒரு பொருள் உண்டு. இந்தப் பொருத்தம் தற்செயலானதாகவே இருக்கட்டும். ஆனாலும் விஷயத்துக்கு மிகவும் பொருந்தியிருக்கிறது.

இந்த நெறியைத்தான் இன்று நிணநீர்க் கணு என்று புத்தகங்களில் எழுதுகிறோம். மனித உடம்பில் இவை சுமார் 600 இருக்கின்றன. உணவுக்குழாயில் புற்று வந்த ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை செய்யும்போது இவற்றில் எத்தனையை எடுப்பது, எங்கே நிறுத்துவது என்பது நூறு ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கு. கேட்பதற்குச் சிறிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் மேஜைமேல் படுத்திருப்பவரின் குரலும் மூச்சும் ஆயுளும் இதில் அடங்கியிருக்கின்றன.

இந்த வழக்கின் சரித்திரத்தைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதில் ஒரு நியாயம் உண்டு. இந்த ஊரில் மேல்நாட்டு வைத்தியம் ஆங்கிலத்தின் வழியாக வரவில்லை. பிரெஞ்சின் வழியாக வந்தது. கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் தன் வம்சாவளியை 1823-ம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் இங்கே ஏற்படுத்திய வைத்தியப் பள்ளியிலிருந்து கணக்கிடுகிறது. நிணநீரின் பாதையையும், அதில் புற்று பயணம் செய்யும் விதத்தையும் உலகுக்குச் சொன்னவர்களில் கணிசமானவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ஆகவே புதுச்சேரிக்கு இது ஒருவகையில் பங்காளி வீட்டுக் கதை.

முதலில் வழியைக் கண்டவர் ஓர் இத்தாலியர். 1622-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் காஸ்பரே அசெல்லி என்ற வைத்தியர், சற்று முன்பு நன்றாகத் தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றைக் கீறிப் பார்த்தார். குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை நூல்கள் போல ஏதோ ஓடின. ஒன்றைக் குத்தினார், பால் போன்ற திரவம் வழிந்தது. பட்டினி கிடந்த நாயை அறுத்துப் பார்த்தபோது அந்த வெள்ளை நூல்களைக் காணோம்! உண்ட உணவின் கொழுப்பைச் சுமந்து செல்லும் குழல்கள் அவை. ஆனால் அவை எங்கே போய்ச் சேருகின்றன என்பதில் அசெல்லி தவறிவிட்டார். அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பியபடி கல்லீரலுக்குப் போவதாகவே அவரும் நினைத்தார்.

அதைத் திருத்தியவர் ழான் பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர். 1651-ல் அவர் வெளியிட்ட நூல், அந்தப் பால் கல்லீரலுக்குப் போகவில்லை, முதுகெலும்பை ஒட்டி மார்புக்குள் மேலேறும் ஒரு பெருங்குழாயில் சேர்ந்து, இடது கழுத்தின் அடியில் ரத்தத்தோடு கலக்கிறது என்று காட்டியது. இந்த மார்புக் குழாயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இரண்டு முறை வரப்போகிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஸ்வீடனில் ரூட்பெக்கும் டென்மார்க்கில் பார்த்தோலினும் உடம்பு முழுவதும் இப்படிப்பட்ட குழல்கள் இருப்பதைக் கண்டார்கள்.

வழி தெரிந்துவிட்டது. அந்த வழியில் யார் நடக்கிறார்கள் என்று சொன்னவர் பாரிஸ் நகரத்து ரண வைத்தியர் ஹென்றி பிரான்சுவா லெ திரான். ஆண்டு 1757. டூப்ளே பதவி இழந்து ஊர் திரும்பி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையை இடிக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. அதுவரை புற்று என்பது உடம்பு முழுவதிலும் உள்ள கரும்பித்தத்தின் கோளாறு என்று கேலன் காலத்திலிருந்து சொல்லி வந்தார்கள். உடம்பெல்லாம் கெட்டிருக்கும்போது ஓரிடத்தை அறுத்து என்ன பயன்? லெ திரான் இதை மறுத்தார். புற்று ஓரிடத்தில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து நிணநீர்க் குழல் வழியாகப் பக்கத்து நெறிக்குப் போகிறது. அப்புறம்தான் உடம்பெங்கும் பரவுகிறது என்றார். மார்பில் புற்று வந்த பெண்ணுக்கு அக்குளிலும் நெறி திரண்டிருந்தால் நோய் ஒரு படி முன்னேறிவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே அறுத்துவிட்டால் பிழைக்கலாம்.

நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய ஆறுதல்! நோய்க்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு பாதை உண்டு, அதைப் பாதியில் மறிக்கலாம். பின்னால் வந்த எல்லா ரண வைத்தியர்களின் நம்பிக்கையும் இந்த ஒரு கருத்தின்மேல் கட்டியதுதான். அவர்களுடைய பிடிவாதத்துக்கும் அடித்தளம் அதுவே.

லெ திரானுக்குப் பிறகும் பிரெஞ்சுக்காரர்கள் விடவில்லை. 1829-ல் ரெக்காமியே என்பவர் நோய் ஓரிடத்திலிருந்து தாவி வேறிடத்தில் ஊன்றுவதற்கு ‘மெட்டாஸ்டாஸ்’ என்று பெயர் வைத்தார். இன்று சாதாரண ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அந்தப் பெயர் வருகிறது. சாப்பே என்ற உடற்கூற்றறிஞர் நிணநீர்க் குழல்களுக்குள் பாதரசத்தை ஏற்றி, வெள்ளி இழைபோல் மின்னிய அவற்றை அப்படியே படமாக எழுதுவித்து 1874 முதல் வெளியிட்டார். 1889-ல் துருவாசியே என்பவர், வயிற்றில் ஒளிந்திருக்கும் புற்று இடது கழுத்தெலும்புக்கு மேலே ஒரு கடினமான நெறியாகத் தலைகாட்டும் என்று விரிவாக எழுதினார். ஜெர்மனியில் ஃபிர்க்கோ 1848-லேயே அதைக் குறிப்பிட்டிருந்தார். அது ஏன் இடது கழுத்தில்? பெக்கேயின் மார்புக் குழாய் வந்து முடியும் இடம் அதுதான். இன்றும் எந்த டாக்டரும் விழுங்க முடியவில்லை என்று வருபவரின் இடது கழுத்தடியை விரலால் தடவிப் பார்க்காமல் விடுவதில்லை. அந்த ஒரு தடவலில் முந்நூறு ஆண்டுச் சரித்திரம் இருக்கிறது.

இனி உணவுக்குழாய்க்கு வருவோம். அது சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசைக்குழாய். தொண்டையில் தொடங்கி, மார்பின் ஆழத்தில் மூச்சுக் குழலுக்கும் இருதயத்துக்கும் பின்னால் இறங்கி, உதரவிதானத்தைத் துளைத்து இரைப்பையில் முடிகிறது. குடலைச் சுற்றியிருக்கும் மேலுறை இதற்குக் கிடையாது. ஆகையால் உள்ளே வந்த புற்று சுவரைத் தாண்டி அண்டை வீட்டுக்குள் நுழைவது எளிது. அதைவிட முக்கியம், இதன் சுவருக்குள் நிணநீர்க் குழல்கள் நெடுக்குவாட்டில் மேலும் கீழும் வலைபோல் ஓடுகின்றன. மார்பின் நடுவில் தோன்றிய புற்று பக்கத்து நெறியைத் தொடாமலே வயிற்றில் உள்ள ஒரு நெறிக்கும் போகலாம். கழுத்தில் உள்ள ஒரு நெறிக்கும் ஏறலாம்.

தமிழில் இந்த நோய்க்குப் புற்று என்ற பெயர் அமைந்தது பொருத்தமாக இருக்கிறது. மேல்நாட்டார் நண்டு என்று பெயரிட்டார்கள். கட்டியைச் சுற்றிப் புடைத்த ரத்தக் குழாய்கள் அவர்களுக்கு நண்டின் கால்களாகத் தெரிந்தன. நண்டு, கண்ணுக்குத் தெரிகிற பிராணி. கறையான் புற்று அப்படியல்ல. வெளியே தெரியும் மண்மேட்டை மண்வெட்டியால் தட்டிவிடலாம். அடியில் ஓடும் வளைகள் எங்கே போகின்றன என்று யாருக்குத் தெரியும்? நான்கு நாள் கழித்துப் பார்த்தால் பக்கத்திலேயே இன்னொரு மேடு எழுந்திருக்கும். ரண வைத்தியரின் சங்கடம் முழுவதும் இந்த உவமையில் இருக்கிறது.

ஆனால் வளைகளைத் தேடுவதற்கு முன்னால் மேட்டையே தொட முடியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. 1871-ல் வியன்னாவில் பில்ரோத் நாயின் கழுத்தில் உணவுக்குழாயின் ஒரு துண்டை அறுத்தெடுத்துப் பார்த்தார். 1877-ல் செர்னி என்ற ஜெர்மானியர் அதை ஒரு பெண்ணின் கழுத்தில் செய்தார். கழுத்துவரை சரி, மார்புக்குள் எப்படிப் போவது? மார்பைத் திறந்த மாத்திரத்தில் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து நுரையீரல் சுருங்கிவிடும். நோயாளி மேஜைமேலேயே இறந்துபோவார். 1904-ல் சவர்புருக் என்பவர் இதற்காகக் காற்றழுத்தம் குறைந்த ஓர் அறையையே கட்டினார். 1909-ல் மெல்ட்சர், ஔவர் என்ற இருவர் அமெரிக்காவில் மூச்சுக்குழலில் ஒரு குழாயைச் செலுத்திக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் எளிய முறையைக் கண்டுபிடித்தார்கள். வாசல் திறந்தது.

1913-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 14-ம் தேதி நியூயார்க்கில் பிரான்ஸ் டோரெக் என்ற வைத்தியர், 67 வயதான ஓர் அம்மாளின் மார்பைத் திறந்து, புற்று வந்த உணவுக்குழாயை அகற்றினார். அதன் இடத்தில் வைக்க ஒன்றும் இல்லை. ஆகவே கழுத்தில் ஒரு துவாரம், வயிற்றில் ஒரு துவாரம். இரண்டையும் இணைத்து உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர்க் குழாய். அந்த அம்மாள் வாயில் மென்று விழுங்கியது கழுத்து வழியாக வெளியே வந்து, ரப்பர்க் குழாயில் இறங்கி, வயிற்றுக்குள் போயிற்று. இப்படியே அவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கடைசியில் அவரைக் கொண்டுபோனதும் புற்று அல்ல. வைத்தியரின் பெயரைத்தான் புத்தகங்கள் பெரிதாகப் போடுகின்றன. ஒவ்வொரு வேளையும் அந்தக் குழாயைப் பொருத்திக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்கார்ந்த அந்த அம்மாளின் மனவுறுதிக்கு என்ன பெயர் கொடுப்பது?

பிறகு வேலை வேகமாக நடந்தது. 1933-ல் ஜப்பானில் கியோட்டோ நகரத்து ஓசாவா, இரைப்பையையே மார்புக்குள் இழுத்து மீதமுள்ள உணவுக்குழாயோடு தைத்தார். ரப்பர்க் குழாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. 1946-ல் இங்கிலாந்தில் ஐவர் லூயிஸ், வயிற்றை ஒரு கீறலாலும் வலது மார்பை இன்னொரு கீறலாலும் திறந்து செய்யும் முறையை விவரித்தார். இன்றும் உலகெங்கும் அவர் பெயரால் அந்தச் சிகிச்சை நடக்கிறது. மார்பைத் திறக்காமல் கழுத்திலிருந்தும் வயிற்றிலிருந்தும் கைவிட்டு உணவுக்குழாயை உருவி எடுக்கும் முறையும் இருந்தது. 1978-ல் அமெரிக்காவில் ஆரிஞ்சர் அதற்குப் புத்துயிர் கொடுத்தார்.

இவ்வளவும் செய்து கண்ட பலன் என்ன? 1980-ல் எர்லம், குன்யா-மெலோ என்ற இருவர் அதுவரை வெளிவந்த 122 கட்டுரைகளில் இருந்த 83,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைக் கூட்டிப் பார்த்தார்கள். நூறு பேர் இந்த நோயோடு வந்தால் 58 பேரைத்தான் கத்தியால் திறந்து பார்க்க முடிகிறது. 39 பேருக்குத்தான் கட்டியை எடுக்க முடிகிறது. அவர்களில் 13 பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிடுகிறார்கள். வீடு திரும்பும் 26 பேரில் ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருப்பவர்கள் 4 பேர். நூற்றுக்கு நான்கு! ரண வைத்திய உலகம் அந்தக் கணக்கைப் படித்துவிட்டு எத்தனை இரவு தூங்காமல் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

அந்த நிலையில் ஒரு மனிதருக்கு என்ன தோன்றும்? ‘போதுமான அளவு எடுக்கவில்லை, அதனால்தான் தோற்றோம்’ என்று தோன்றும். இதற்கு ஒரு முன்மாதிரியும் இருந்தது. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் 1894-ல், மார்பகப் புற்றுக்கு மார்பையும் அதன் அடித்தசைகளையும் அக்குள் நெறிகளையும் ஒரே பாளமாக எடுக்கும் சிகிச்சையை வெளியிட்டிருந்தார். லெ திரானின் கருத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் அவர். வளைகள் ஓடும் மண்ணை முழுவதும் தோண்டி எடுத்துவிட்டால் புற்று எங்கிருந்து மறுபடி வரும்?

உணவுக்குழாய் விஷயத்தில் இந்த வாதத்தை யாவரினும் திறமையாக நடத்திக் காட்டியவர்கள் ஜப்பானியர். தோக்கியோவில் தோரானோமோன் ஆஸ்பத்திரியின் அக்கியாமா, தாம் எடுத்த நெறி ஒவ்வொன்றையும் இடம் குறித்து, நுண்ணோக்கியில் பார்க்கச் செய்து, 1981-ல் முடிவை வெளியிட்டார். கீழ்ப்பகுதியில் வந்த புற்று மேல் மார்பின் நெறிகளுக்கும், மேற்பகுதியில் வந்தது வயிற்று நெறிகளுக்கும் போயிருந்தது. ஆகவே வயிறு, மார்பு, கழுத்து ஆகிய மூன்று தளங்களிலும் நெறிகளைத் துப்புரவாக எடுக்கும் முறை ஜப்பானில் பரவிற்று. அவர்களுடைய கை நேர்த்தி அபூர்வமானது. சித்திரக்காரன் மயிரிழைத் தூரிகையால் எழுதுவதுபோல நரம்பை ஒட்டிய நெறியை நரம்பு நோகாமல் எடுப்பார்கள். அவர்களிடம் பிழைத்தவர்களின் கணக்கும் எர்லம் சொன்ன கணக்கைவிட எவ்வளவோ மேலாக இருந்தது.

ஆனால் இந்தத் துப்புரவுக்கு ஒரு விலை உண்டு. குரல்வளைக்குப் போகும் நரம்பு, மார்புக்குள் இறங்கித் திரும்பி மேலேறுகிறது. அதன் ஓரத்தில் மணிமாலைபோல் நெறிகள் இருக்கின்றன. புற்று விரும்பிப் போகும் இடமும் அதுதான். அவற்றை எடுக்கும்போது நரம்பு சற்று இழுபட்டாலும் குரல் கம்மிவிடும். எச்சில் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரல் ஜுரம் வரும். பெக்கேயின் மார்புக் குழாயும் அங்கேதான் இருக்கிறது. அது கிழிந்தால் அசெல்லி கண்ட அதே வெள்ளைப் பால் மார்புக்குள் வடிந்துகொண்டே இருக்கும். நோயாளி உண்ட சத்தெல்லாம் குழாய் வழியே புட்டியில் போய் நிற்கும். நோயாளியின் மகன் வாசலில் நின்று, ‘ஒண்ணு விடாம எடுத்துடுங்க டாக்டர்’ என்று கெஞ்சுகிறான். எடுக்கலாம். ஆனால் அவன் தகப்பனார் பிறகு தன் குரலில் அவனைக் கூப்பிடுவாரா என்பதும் அதே கத்தியின் முனையில்தான் இருக்கிறது.

இதற்கிடையில் ஹால்ஸ்டெட்டின் கோட்டையிலேயே ஒருவர் குழி தோண்டினார். பெர்னார்ட் ஃபிஷர் என்ற அமெரிக்கர் 1971 முதல், மார்பகப் புற்று வந்த பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார். ஒரு பகுதியினருக்கு ஹால்ஸ்டெட் முறை. இன்னொரு பகுதியினருக்கு அக்குள் நெறிகளைத் தொடாத சிறிய சிகிச்சை. நெறிகளை எடுத்துப் பார்த்த பெண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு அங்கே நோய் ஒளிந்திருந்தது. அப்படியானால் எடுக்காமல் விட்டவர்களிலும் அதே விகிதத்தில் இருந்திருக்க வேண்டும். ஆனால் பின்னால் அவர்களுடைய அக்குளில் நோய் தலைகாட்டியது அதில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான். 2002-ல், இருபத்தைந்து ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோதும் இரு சாராரின் ஆயுளிலும் வித்தியாசம் இல்லை. நெறி வழியில் இருக்கும் சத்திரம் மட்டும் அல்ல; நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சொல்லும் கைகாட்டியும் கூட. கைகாட்டியைப் பிடுங்கினால் பயணி நின்றுவிடுவானா?

மார்பகத்துக்குச் சொன்னது உணவுக்குழாய்க்கும் பொருந்துமா? அதே 2002-ல் டச்சுக்காரர்கள் 220 நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு மார்பைத் திறக்காத சிகிச்சை. மற்றவர்களுக்கு மார்பைத் திறந்து நெறிகளை விரிவாக எடுக்கும் சிகிச்சை. பெரிய சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு நுரையீரல் தொல்லை வந்தது. சிறிய சிகிச்சையில் 27 பேருக்கு. ஐந்து ஆண்டு பிழைத்தவர்கள் முதல் கணக்கில் நூற்றுக்கு 39-ம் 29-மாக இருந்தார்கள். ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று கணித சாஸ்திரம் சொல்லிற்று. 2007-ல் எல்லாருடைய ஐந்தாண்டும் முடிந்தபின் பார்த்தால் 36-ம் 34-ம். வித்தியாசம் கரைந்துவிட்டது. ஆனால் சில நெறிகளில் மட்டும் நோய் இருந்தவர்களுக்கு விரிவான சிகிச்சை உதவியிருக்கலாம் என்ற ஒரு சாடை மிஞ்சியது. ஒன்றுமே பரவாதவருக்கு அது தேவையில்லை. எங்கும் பரவியவருக்கு அது பயனில்லை. நடுவில் உள்ளவருக்குத்தான் பயன். அந்த நடுவில் இருப்பவர் யார் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் கஷ்டம்.

மூன்று தளமா, இரண்டு தளமா என்ற வழக்கையும் சீட்டுக் குலுக்கித் தீர்க்க முயன்றார்கள். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை அப்படி ஒரு சோதனையை மேற்கொண்டது. சீனாவில் ஷாங்காய் வைத்தியர்கள் 400 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2021-ல் வெளிவந்தது. கழுத்து நெறிகளையும் சேர்த்து எடுத்தவர்களில் ஐந்து ஆண்டு பிழைத்தவர்கள் நூற்றுக்கு 63. வயிறும் மார்பும் மட்டும் செய்தவர்களிலும் 63. மார்பின் நடுவிலும் கீழும் வந்த புற்றுக்குக் கழுத்தைக் கீறியதால் ஆயுள் கூடவில்லை.

இதைப் படித்துவிட்டு நெறிகளை எடுப்பதே வீண் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. வயிற்றிலும் மார்பிலும் உள்ள நெறிகளை எடுப்பது இன்றும் சரியான சிகிச்சையின் பகுதிதான். குறைந்தது 15 நெறிகளையாவது எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்று இன்றைய வழிகாட்டி நூல்கள் சொல்கின்றன. இல்லாவிட்டால் நோயின் நிலையையே சரியாகச் சொல்ல முடியாது. தோற்றது நெறி எடுக்கும் சிகிச்சை அல்ல. ‘அதிகம் எடுத்தால் அதிகம் பிழைக்கலாம்’ என்ற கணக்குத்தான் தோற்றது.

நூற்றுக்கு நான்கு என்றிருந்த எண் ஏறியதற்குக் கத்தி மட்டும் காரணமல்ல. டச்சுக்காரர்களே 2012-ல் வெளியிட்ட இன்னொரு சோதனையில், அறுப்பதற்கு முன்பு ஐந்து வாரம் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்தார்கள். நேராக அறுவைக்குப் போனவர்களில் பாதிப் பேர் 24 மாதம் கடந்து வாழ்ந்தார்கள். முன்சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் 49 மாதம் கடந்து வாழ்ந்தார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் வருகிற செதிள் வகைப் புற்றில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறுத்தெடுத்த குழாயிலும் நெறிகளிலும் உயிருள்ள புற்றே காணப்படவில்லை. லெ திரான் வழியை மறிக்கச் சொன்னார். இவர்கள் பயணியையே வழியில் மடக்கினார்கள். அப்படி முற்றும் மறைந்தவர்களை அறுக்காமலே கவனித்து வரலாமா என்று இப்போது கேட்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முன் எப்படி அறுப்பது என்று தவித்தவர்களின் வாரிசுகள், எப்போது அறுக்காமல் இருப்பது என்று ஆராய்கிறார்கள். சாஸ்திரம் முதிர்வதற்கு இதுவே அடையாளம்.

நம் பக்கத்துக் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1923-ல் தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, முப்பது ஆண்டு விடாமல் முயன்று, 1954 ஜூன் மாதத்தில் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி புதுச்சேரியின் ஆட்சி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. இங்கே 1956-ல் தன்வந்திரி பெயரால் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, 1964-ல் ஜவாஹர்லால் பெயர் தாங்கிய ஜிப்மராகியது. 2008-ல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. அடையாற்றில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும், வாயிலும் மேல் உணவுப் பாதையிலும் புற்று வந்தவர்களிடம் வெற்றிலை, புகையிலை, பீடி, குடி ஆகிய பழக்கங்களை விசாரித்து, 1959-லும் 1963-லும் ஆங்கிலேயரின் புற்றுநோய்ச் சஞ்சிகையில் எழுதினார்கள். உலகத்தார் எத்தனை நெறி என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, இவர்கள் புற்று எங்கிருந்து கிளம்புகிறது என்று எண்ணினார்கள்.

அது நமக்கு அதிகம் தேவைப்பட்ட கணக்கு. ஏனென்றால் இந்த நோய் முதலில் வலிப்பதில்லை. தோசைத் துண்டு நெஞ்சில் நிற்பதுபோல இருக்கும். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். மறுவாரம் சோற்றைக் குழைத்துச் சாப்பிடத் தொடங்குவார்கள். பிறகு கஞ்சி, பிறகு பால். ‘வாயு’ என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் குடிப்பார்கள். கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் ஏறிக் கோரிமேட்டில் வந்து இறங்கும்போது பால்கூட இறங்காத நிலையில் பலர் இருப்பார்கள்; உடம்பில் பாதி எடை போயிருக்கும். அப்போது இரண்டு தளமா, மூன்று தளமா என்ற வழக்குக்கே இடமில்லை. அந்த மெல்லிய குழல்களில் புற்று எவ்வளவு தூரம் நடந்தது என்பதைத் தீர்மானித்தது வைத்தியரின் கத்தி அல்ல. சுக்குக் கஷாயத்தில் போன அந்த நான்கு மாதம்.

கடைசியாக ஒன்று. இந்தச் சரித்திரத்தில் பெயர் உள்ளவர்கள் எல்லாம் வைத்தியர்கள். பெயர் இல்லாதவர்கள் மற்றவர்கள். மார்பிலும் உணவுக்குழாயிலும் புற்று இருக்கிறது என்று தெரிந்த பிறகும், தமக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கச் சம்மதித்தவர்கள் அவர்கள். பெரிய வைத்தியர் கையால் பெரிய சிகிச்சை கிடைத்தால்தான் பிழைப்போம் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கும். வாசலில் நின்ற அவர்கள் பிள்ளைகளும் ஒன்று விடாமல் எடுக்கச் சொல்லித்தான் கெஞ்சியிருப்பார்கள். இருந்தும் சம்மதித்தார்கள். அவர்களில் பலர் இன்று இல்லை. ஆனால் இன்று மேஜைமேல் படுக்கும் ஒருவர், வீணான ஒரு கீறல் குறைந்து, குரல் போகாமல் எழுந்து, தன் பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றால், அந்தக் குரலில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.